நைனா தூக்கிய கை

எங்கள் காலனியில் அந்த ஐந்து வருடமும் இரண்டு பஞ்சாயத்து மெம்பர்கள் இருந்தார்கள். ஓட்டுச் சீட்டில் பெயர் வந்ததும் பதவியேற்றதும் கையெழுத்துப் போட்டதும் அம்மா. "மெம்பரே" என்று தெருவில் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தது நைனா. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கு, தேர்தலில் நிற்பதற்காக வெள்ளைச் சட்டையெல்லாம் தைத்து வைத்திருந்த நைனா கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, "உன் பேரத்தான் குடுத்துக்கீறேன்" என்றார். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, "எதுக்கு?" என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்குள் நடந்த தேர்தல் பிரசாரம் அவ்வளவுதான்.

நைனாவுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரியும். அதில் ஒன்றைக் காட்டி, "அது எங்க நைனாது" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்வேன். நைனாவைப் பெற்றவர்கள் ஊர்க்காரர்களின் நெல் வயலில் கூலிக்குப் போனவர்கள். காலனியில் அநேகமாக எல்லா வீட்டிலும் அதே கதைதான். ஒரு தலைமுறை சேற்றில் நின்றது, அடுத்தது உலைக்கு முன்னால் நின்றது.

வயலை விட்டு வந்துவிட்டாலும் சில விஷயங்கள் அப்படியே இருந்தன. ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபம் உண்டு. எங்கள் ஆட்கள் கேட்டுப் போனால், அவர்கள் கேட்கிற தேதி மட்டும் எப்போதும் வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டிருக்கும். அதனால் எங்கள் கல்யாணங்கள் தெருவில் பந்தல் போட்டு நடந்தன. மழை வந்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்தில் எந்த வீடு திறந்திருக்கிறதோ அதற்குள் ஓடுவார்கள்.

நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நைனா வேலை செய்த கம்பெனியின் மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே பஞ்சாயத்துத் தலைவர், கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். தலைவர் எங்கள் வீட்டு வாசற்படியை மிதித்தது அதுதான் முதல் தடவை. வீட்டிலிருந்த நாற்காலி, எதிர் வீட்டு நாற்காலி இரண்டையும் போட்டோம். அவர்கள் உட்கார்ந்தார்கள். "நீயும் உக்காரு" என்று மேனேஜர் சொன்னபோது, "பரவால்ல சார், நிக்கறேன்" என்று நைனா சுவரோடு ஒட்டி நின்றார். தன் வீட்டில் ஒருவர் ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

மேனேஜர் கொண்டுவந்த சேதி அதைவிடப் பெரிய வியப்பு. எங்கள் காலனிக்கென்றே ஒரு சமுதாயக் கூடம். மேடை, சமையல்கட்டு, மின்விசிறி எல்லாம் வைத்துக் கம்பெனி கட்டிக் கொடுக்கும். அதற்குப் பதில் காலனிக்குப் பின்னால் கிடக்கிற குட்டையை அவர்கள் நிரப்பி, லாரி நிறுத்த இடமாக வைத்துக்கொள்வார்கள். நிரப்புவதற்கு மண் தேடி அலைய வேண்டியதில்லை. உலையிலிருந்து வந்த கசடு கம்பெனிக்குள் மலைபோல் குவிந்து கிடக்கிறது. ஊர் ஆட்சேபிக்கவில்லை என்று கிராம சபையில் ஒரு தீர்மானம் மட்டும் போட்டுக்கொடுத்தால் போதும், மேலிடத்தில் ஆக வேண்டியதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"மேடம் முன்மொழிஞ்சா நல்லா இருக்கும். அவங்க வார்டு இல்லயா?" என்றார் மேனேஜர்.

அம்மாவை அதுவரை யாரும் மேடம் என்று சொன்னதில்லை. வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"பண்ணிடலாம் சார்" என்றார் நைனா.

அன்று சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கப் பேச்சிலேயே கூடம் கட்டி முடிந்துவிட்டது. யார் வீட்டுக் கல்யாணம் முதலில் என்றுகூடச் சண்டை வந்தது. நான் மேடையைப் பற்றி மட்டும் யோசித்தேன். திறப்பு விழாவில் நான் ஆடுவதாக நானே முடிவு செய்து, இரண்டு சிநேகிதிகளையும் சேர்த்துக்கொண்டேன். கூட்டத்தில் அம்மா சொல்ல வேண்டிய வாசகத்தைத் தலைவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். "இத்தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன்" என்று முடியும். அம்மாவுக்கு 'முன்மொழிகிறேன்' வாயில் நுழையவில்லை. 'முன்மொலிகிறேன்' என்றாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் டீச்சர், அவள் மாணவி. ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு கறாராகத்தான் நடத்தினேன்.

இதற்கு நடுவில் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தது. அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பெரியம்மா இருந்ததும் எங்களைப் போலவே கம்பெனிகளை ஒட்டிய ஒரு கிராமம்தான். காய்ச்சலோடு எழுந்து எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். பால் ஊற்றிய டீ கரி கரைத்த மாதிரி இருந்தது. ஒரு வாய் வைத்தேன். ஆணியைச் சப்பியது போல நாக்கில் ஒரு ருசி.

"எங்க ஊட்டு டீ இப்டித்தான். வர்றவங்களுக்குன்னு கேன் தண்ணி வாங்கி வெப்பேன், இன்னிக்கி காலியாப் பூடுச்சி" என்றாள் பெரியம்மா.

"எப்பலேர்ந்து இப்டி?" என்று அம்மா கேட்டாள்.

"கம்பெனிக் கசடக் கொட்டி குட்டைய ரொப்புனாங்க இல்ல, அப்பால ஒரு மழை, ரெண்டு மழை. அவ்ளோதான். போர்ல மஞ்சளா வர ஆரம்பிச்சிட்டுது. துணி தொவைச்சா துணியும் மஞ்சளு."

அம்மா தன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். என்னுடையதையும் வாங்கிக் குடித்தாள். திரும்பி வர பஸ் ஏறினோம். கவரைப்பேட்டை வந்ததும் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்த நேரத்தில் எனக்கு வேர்க்கடலை வாங்கித் தரச் சொன்னேன். காதிலேயே விழாதது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் தெருக்குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எங்கள் குழாய்க்குத் தண்ணீர் கொடுத்த போர், குட்டைக்கரையில்தான் இருந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் அவளும் நைனாவும் அந்தக் குட்டைக்கரையில் போய் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தனியாக எங்கும் போய் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆட்டுக்குத் தழை ஒடிப்பவள் போலப் பக்கத்தில் போனேன். நைனா ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"உன்னிய யாரு கேக்கப்போறான்? கம்பெனில என்னியத்தான் கேப்பான்" என்றார்.

"தெரியும்" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள். நைனா அவளை நிமிர்ந்து பார்த்தார். குச்சியைக் குட்டைக்குள் வீசிவிட்டு, "எல்லாரும் என்னியப் பாத்து சிரிப்பானுங்க" என்றார். "சிரிச்சிட்டுப் போறானுங்க" என்றாள். இருவரும் ஏதோ சண்டையில் இருக்கிறார்கள், அதனால்தான் குரல் இப்படி மெதுவாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு தாளை எடுத்துக்கொண்டு போனால், "எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சி, போ" என்று என்னை விரட்டினாள்.

கிராம சபை சுதந்திர தினத்தன்று நடந்தது. காலையில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா எதிர் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். எதிர் வீட்டுச் சித்தப்பா எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் நைனாவோடு ஒரே ஷெட்டில் வேலை, பண்டிகை என்றால் ஒரே சட்டி.

"தம்பி, நீ இன்னிக்கி கூட்டத்துக்கு வராத. புள்ளைங்கள இட்டுக்கினு மாமியா ஊட்டுக்குப் போய்ட்டு வா" என்றாள் அம்மா.

"இன்னா அண்ணி, நீங்க மைக்ல பேசி நான் கேக்க வேணாமா?" என்று அவர் சிரித்தார்.

அம்மாவுக்கு வெட்கம் என்று நினைத்தேன். தெரிந்தவர்கள் முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று எனக்கும் வகுப்பில் தோன்றும்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் நாற்காலியில், காலனி ஆட்கள் பெரும்பாலும் தரையில். மேனேஜரும் அவரோடு வந்த இருவரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தெருவிளக்கு, கொசு மருந்து எல்லாம் மளமளவென்று முடிந்தது. தலைவர் குட்டை விஷயத்தைப் படித்துவிட்டு, "வார்டு மெம்பர் முன்மொழிவாங்க" என்று மைக்கை நீட்டினார்.

அம்மா எழுந்தாள். மைக் கிறீச்சிட்டது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து, 'ழி, ழி' என்று உதட்டை அசைத்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"கூடம் வேணும். எங்க சனத்துக்கு ரொம்ப வேணும்" என்று ஆரம்பித்தாள். "ஆனா கொட்டைய மூடிட்டு... குட்டைய மூடிட்டு வேணாம். அங்கதான் நம்ம போர் கீது. கல்யாணத்துக்கு வர்ற சனத்துக்கு இன்னா தண்ணிய ஊத்தி சோறாக்குவீங்க? எங்க அக்கா ஊட்ல போயி ஒரு வாய் டீ குடிச்சிட்டு வாங்க, அப்பால சொல்லுங்க. நான் முன்மொழிய மாட்டேன்."

அந்த ஒரு இடத்தில் 'ழி' சரியாக வந்தது.

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். தலைவர் நைனாவைப் பார்த்தார். மேனேஜரும் நைனாவைப் பார்த்தார். நைனா எழுந்து மைக் இல்லாமலே சத்தம் போட்டார்: "ஊட்ல கெடக்கற பொம்பள, யாரோ இன்னாவோ சொன்னான்னு பேசறா. அத்தயெல்லாம் கணக்குல எடுத்துக்காதீங்க. கூடம் கட்டணும். கம்பெனி நமக்கு நல்லதுதான் பண்ணுது."

நாற்காலிப் பக்கம் சிரிப்பு எழுந்தது. "ஊட்லயே ரெண்டு கட்சி!" என்று யாரோ கத்தினார்கள். அதிகாரி கை தூக்கச் சொன்னார். முதலில் தீர்மானம் வேண்டும் என்பவர்கள். நைனாவின் கை எல்லோருக்கும் முன்னால், எல்லாக் கைகளையும்விட உயரமாக மேலே போனது. மேடையை நினைத்து நானும் தூக்கினேன். பக்கத்திலிருந்த அக்கா என் கையைப் பிடித்து இறக்கி, "உனுக்கு ஓட்டு இல்லடி" என்றாள். அடுத்து, வேண்டாம் என்பவர்கள். தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். கம்பெனியில் வேலை செய்கிற ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் நடுவிலிருந்து ஒரே ஒரு ஆண் கை எழுந்தது. எதிர் வீட்டுச் சித்தப்பா. "தம்பி!" என்று அம்மா மைக்குக்குப் பக்கத்திலிருந்து சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அவர் கையை இறக்கவில்லை.

நாற்காலிப் பக்கம் பாதிப் பேர் கையே தூக்கவில்லை; எண்ணிப் பார்த்தால் பெண்களின் கைதான் அதிகம். தீர்மானம் தோற்றது.

வீட்டில் பெரிய சண்டை வரும் என்று காத்திருந்தேன். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. அம்மா வழக்கம்போல் பரிமாறினாள், நைனா வழக்கம்போல் சாப்பிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கூடம் போனதில் அம்மா மேல் கோபம். ஊர் முன்னால் அவளை அப்படிப் பேசியதில் நைனா மேல் அதைவிடக் கோபம். "நீ ஏன் நைனா அம்மாவ எதிர்த்து கை தூக்குன?" என்று கேட்டேன். அவர் கருவாட்டு முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினார். "அவருக்குத் தோள் புடிச்சிக்கிச்சி, அதான் தூக்கி சுளுக்கெடுத்துக்கினாரு. நீ சோத்தத் துன்னு" என்றாள் அம்மா.

ஊரில் எல்லோரும் நைனாவுக்காகப் பரிதாபப்பட்டார்கள். பெண்டாட்டி சொல்பேச்சு கேட்காதவள், பாவம் அவன் என்ன செய்வான் என்றார்கள். கம்பெனியிலும் அதையே சொன்னார்கள் போலிருக்கிறது. அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஷிப்ட் வேன் எங்கள் தெருவில் வந்து நின்றபோது, டிரைவர் எதிர் வீட்டுச் சித்தப்பாவிடம், "உன்ன ஏத்த வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றார். டிபன் டப்பாவோடு வந்த அவர் அதே டப்பாவோடு உள்ளே போனார். நைனா வேனின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாகக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறிக்கொண்டார்.

சித்தப்பாவுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்க நாளானது. கிடைத்த வேலையும் உலை வேலை இல்லை, ஒரு குடோனில் மூட்டை தூக்கும் வேலை. அதுவரை அம்மா எங்கள் வீட்டில் ஆக்கியதில் பாதியை அங்கே கொண்டுபோனாள். சித்தி வாங்கிக்கொள்வாள், பேசமாட்டாள். சித்தப்பா மட்டும் எப்போதும் போல, "மெம்பரம்மா வந்துக்கீறாங்க, வழி வுடு" என்று கேலி செய்வார்.

இப்போது நானும் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். எங்கே வாயைத் திறக்கலாம், எங்கே கூடாது என்று தெரிந்துகொண்டேன். ஒரு வீட்டுக்குத் தண்ணீரும் வேண்டும், சம்பளமும் வேண்டும் என்றால், ஒரே வீட்டிலிருந்து இரண்டு கைகள் இரண்டு பக்கமும் எழ வேண்டியிருக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அம்மாவைக் கேட்டால் இன்றைக்கும் சுளுக்குக் கதையைத்தான் சொல்கிறாள்.

அந்த வருடத்து மழைக்காலத்தில் நைனா திடீரென்று வேனைத் தெருவுக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விடிகாலையில் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்பக்கச் சந்து வழியாக மெயின் ரோட்டுக்கு நடந்துபோய் ஏறினார். எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து அந்தச் சந்து தெரியாது. அவரே சொன்னது தெரியாமல், அம்மாவை எதிர்த்துப் பேசியதற்குக் கம்பெனியே கொடுத்த தண்டனை அது என்று நினைத்து, அவர் நனைந்துகொண்டு போவதை பின்பக்க ஜன்னலில் நின்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.