சாலுக்கு ஒரு மூடி

என் தங்கை அம்சவேணியின் புருஷன் தணிகைவேலுக்கு நகரிப் பக்கத்தில் தெரியாத விஷயமே கிடையாது. அப்படித்தான் அவனே சொல்லிக்கொள்வான். கோழி வளர்த்தான், சாமந்தி போட்டான், எல்லாவற்றையும் மண்ணாக்கினான். வீட்டில் அடுப்பு எரிந்தது என் தங்கையின் கறவைப் பசுவால். அது அப்போது சினை வேறு.

இந்த வருஷம் மழை ஏமாற்றியது. மாட்டுக்கென்று கொல்லையில் விதைத்த சோளம் சுருண்டுபோனது. திருப்பதியில் விவசாயிகள் கூட்டம் என்று கேள்விப்பட்டதும் துரை இஸ்திரிச் சட்டையோடு கிளம்பிவிட்டார். மத்தியானம் பிரியாணி போடுகிறார்களாம். பயிர் மேல் திடீர் அக்கறை அதனால்தான்.

அங்கே ஆபீசர் தெலுங்கில் நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறார். தண்ணீர் இல்லாவிட்டால் மண்ணிலுள்ள சத்து வேருக்கு வந்து சேராது, பயிர் பட்டினி கிடக்கும். செலினியம் என்று ஒன்று, துளியளவு தெளித்தால் வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். மிஞ்சினால் அதுவே மற்ற சத்தைக் கெடுத்து விஷமாகிவிடும். இதைச் சொல்லும்போது நம்ம ஆள் பிரியாணி அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது "ஒக்க மூத சாலு" மட்டும்.

மூத என்றால் மூடி. சாலு என்றால் தெலுங்கில் போதும். கொல்லை முழுக்க மருந்து பாட்டிலின் ஒரு மூடி போதும் என்கிறார் மனுஷன். எங்கள் பக்கம் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை. தெலுங்கு தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று பீற்றிக்கொள்ளும் இந்தப் பிரகஸ்பதிக்கு மட்டும் ஏர் ஓட்டின சால் ஞாபகம் வந்துவிட்டது. சாலுக்கு ஒரு மூடியாம்! கடையில் மருந்தை வாங்கிவந்து, கொல்லையில் எத்தனை சால் உண்டோ அத்தனை மூடி கலந்து அடித்துத் தீர்த்தான்.

சோளம் வெளுத்தது. பூண்டு நாற்றம் வீசியது.

"இன்னாது, இப்படி நாறுது? மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நான் போடமாட்டேன்" என்றாள் அம்சவேணி.

"போடி! அது சத்து வாசனை. தவுடு தூவிப் போடு, தானா துன்னும்."

"மாப்ளே, யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டுக்கோயேன்" என்றேன் நான்.

"மீட்டிங்குக்கு நீ போனியா, நான் போனேனா மச்சான்?"

என்ன திமிர் பாருங்கள்! தவிட்டு ருசியில் மாடு தின்றது. நாளாக ஆக வால் மயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது, குளம்பு வெடித்தது, எழுந்து நிற்க முடியவில்லை. மாட்டு டாக்டரம்மா வந்து தீவனத்தை முகர்ந்துவிட்டு, "எவ்ளோ அடிச்சீங்க?" என்று கேட்டார்.

"சாலுக்கு ஒரு மூடி மேடம். ஆபீசர் சொன்ன கணக்கு" என்றான். முகத்தில் பெருமை வேறு!

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "அய்யோ ராமா! அவரு 'ஒக்க மூத சாலு'ன்னு சொல்லியிருப்பாரு. சாலுன்னா போதும்ங்க!"

ஊசி மேல் ஊசி போட்டுப் பார்த்தார். வயிற்றுக் கன்றோடு மாடு போய்விட்டது. அம்சவேணி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"மருந்து டூப்ளிகேட்டு. கடைக்காரனைச் சும்மா உடமாட்டேன். நீ அழாதே, வேற மாடு பாத்துக்கலாம்" என்றான் மேதாவி.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இது கறந்துதான் இத்தினி வருசமா நீ துன்னுக்கினு இருந்தே. நாளைலேர்ந்து நீ கறப்பியா?"

தெருப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.