மீனலோசனியின் முடிவு

முத்துராணி வாக்கப்பட்டு வந்த வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது. அத்தனையும் ஒரே புத்தகம். 'மீனலோசனி' என்று நூறு வருசத்துக்கு முந்தி யாரோ எழுதிய நாவல். உரிமை கேட்க வாரிசு இல்லாததால் அச்சகம் வைத்திருந்தவனெல்லாம் அதைப் போட்டான். ஒவ்வொருவனும் தன் மனம்போல் ஓர் அட்டை போட்டான். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்த அவள் கணவர் பெருமாள்ராஜ், வண்டி எந்த ஊரில் நின்றாலும் பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்து, தன்னிடம் இல்லாத அட்டை கிடக்கிறதா என்று துழாவாமல் திரும்பமாட்டார்.

பெண் பார்க்க வரும் முன்பே இந்தச் செய்தி அவள் ஊரான ராதாபுரத்துக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை குடிக்கமாட்டார், சீட்டு ஆடமாட்டார், புத்தகம் சேர்ப்பார். "நம்ம பிள்ளையும் புத்தகமும் கையுமாத்தான கெடந்தா. ஏத்த சோடிதான்" என்றாள் அத்தை. அது 'மீனலோசனி' என்று கேள்விப்பட்டதும் முத்துராணிக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

எட்டாம் வகுப்பில் ஊர் நூலகத்திலிருந்து எடுத்து அவள் பாதிவரை படித்தது அதைத்தான். அணைந்த விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு மீனலோசனி படித்துறையில் இறங்குகிறாள். அந்த இடத்தில் அத்தியாயம் முடியும். அந்த வாரம் முத்துராணி பெரியமனுசியானாள். பள்ளிக்கூடம் நின்றது. அப்பா புத்தகத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுபோய் நூலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். "இனி எதுக்கு?" என்றார்.

கல்யாணமான முதல் வாரத்தில் அலமாரியிலிருந்து ஒன்றை உருவினாள். பின்னாலேயே சத்தம் வந்தது.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"படிக்கலாம்னு..."

"படிக்கவா? விரிச்சா புத்தகத்தோட முதுகு உடஞ்சிரும். கை வேர்வை பட்டா அட்டை போச்சு. இது படிக்கதுக்குள்ளது இல்ல, பாத்துக்க."

இரண்டாம் தடவை அவள் கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் இல்லை. வெளியே ஒன்று வாங்கலாம் என்றால், அலமாரி நிறைய வைத்துக்கொண்டு எந்த வாயால் காசு கேட்பது? வாங்கினாலும் மற்றவை மாதிரி அதுவும் பாலிதீன் உறைக்குள்தான் போயிருக்கும்.

அவரும் படித்ததில்லை. அது அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. எந்த அச்சகம், எந்த வருசம், யார் வரைந்த படம் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார். அவர் ஒரு தாளைப் புரட்டி அவள் பார்த்ததில்லை.

உறைகளைத் துடைத்து வைக்கிற வேலை மட்டும் அவளுக்கு வந்தது. துடைக்கும்போது பார்ப்பாள். ஓர் அட்டையில் மீனலோசனி சினிமா நடிகை மாதிரி சிரித்தாள். ஒன்றில் இடுப்பில் குழந்தை. ஒன்றில் வெள்ளைச் சேலை. ஒன்றில் ரயில் போனது. அவள் படித்தவரைக்கும் கதையில் ரயிலே கிடையாது. இன்னொன்றில் தோணியில் உட்கார்ந்து அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முதுகு மட்டும் தெரிந்தது. அந்த அட்டையைத் துடைக்க முத்துராணிக்கு நேரம் கூடுதலாகும். படித்துறையில் இறங்கியவள் தோணியில் ஏறியிருக்கிறாள், அக்கரை போய்விட்டாள், திரும்பவில்லை. கரண்டி பிடிக்கும்போதும் துணி கசக்கும்போதும் அவள் முடிவை அப்படித்தான் வளர்த்தாள்.

மார்கழி பிறந்த அன்று ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்தது. பெருமாள்ராஜ் வண்டியோடு நாங்குநேரியில் மாட்டிக்கொண்டார். முத்துராணி இடுப்பளவுத் தண்ணீரில் புத்தகங்களை மாடி வீட்டுக்குச் சுமந்தாள். மாடி வீட்டு அஸ்ஃபியா வாங்கி வாங்கி அடுக்கினாள்.

"ஏக்கா, அரிசிய விட்டுட்டு எதத் தூக்கிட்டு வாரிய? எல்லாம் ஒரே புத்தகமால்ல இருக்கு! ஒன்னு மறந்துபோச்சுன்னா இன்னொன்னப் படிக்கவா?"

முத்துராணி சிரித்து வைத்தாள். அடுத்த கட்டை எடுக்க இறங்கினாள்.

வெள்ளம் வடிந்தபின் வந்த பெருமாள்ராஜ் வாசலில் கேட்ட முதல் வார்த்தை, "புத்தகம்?" கீழ்த்தட்டில் இருந்தவை நனைந்திருந்தன. தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரே சொன்னார்: "பைய ஒவ்வொரு தாளாப் பிரிச்சுக் காயப் போடு. ஒட்டிக்கிட்டா அவ்வளவுதான்."

மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து தாள் தாளாகப் பிரித்தாள். படித்துறை வந்தது. கைகள் பிரித்தன, கண்கள் ஓடின. படித்துறைக்கு அப்புறம் நாலைந்து அத்தியாயம் போயிருக்கும், தோணி இன்னும் வரவில்லை. கடைசிப் பகுதி மொத்தமும் பனைவெல்லக் கட்டிபோல ஒட்டிக் கிடந்தது. இழுத்தால் எழுத்து எதிர்த்தாளோடு போயிற்று. நனைந்த எல்லாப் பிரதிக்கும் அதே கதி. நனையாதவை, அவள் பிரிக்கக் கூடாத உறைக்குள்ளேயே இருந்தன.

வெள்ளத்திலிருந்து நூல்களை மீட்டவர் என்று பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டம் பெருமாள்ராஜுக்குப் பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டது. கிளம்புகிற காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"ஏட்டி, காயப் போடும்போது படிச்சேல்லா? ரெண்டு வார்த்தை பேசணும்னு சொல்லுதாவ. கடைசில அவ என்ன ஆவுதா?"

அந்தக் கதையைப் பற்றி அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"தோணில ஏறி அக்கரைக்குப் போயிருதா."

"பெறவு?"

"வரமாட்டா."

"நல்லாத்தான் இருக்கு" என்று போய்விட்டார். கூட வா என்று கூப்பிடவில்லை. அன்று பகல் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. தன் முடிவு ஒலிபெருக்கியில் கேட்கிற மாதிரி நினைத்துப் பார்த்துக்கொண்டாள்.

பொழுது சாய வந்தார். பொன்னாடையைச் சுருட்டி மூலையில் எறிந்தார்.

"மானத்த வாங்கிட்டியேட்டி! தோணியாம், அக்கரையாம்! ஒரு வாத்தியார் எந்திரிச்சு, 'அண்ணாச்சி எந்தப் பதிப்புல படிச்சிய?'ன்னு கேக்கான். மண்டபமே சிரிக்குது. அவ கிணத்துல விழுந்து செத்துப்போனாளாம்லா! பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம்!"

முத்துராணி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். அவள் காதில் கிணறு மட்டும்தான் விழுந்தது.

"ஏங்க... எதுக்கு விழுந்தாளாம்?"

"அத வேற அவன்கிட்ட கேட்டுக்கிட்டு நிப்பாவளாக்கும்? சோத்தப் போடு."