சிவப்பு நூலில் கட்டிய கூடுகள்

அத்திப்பட்டு ஸ்டேஷனுக்கு வெளியே, வேலிக்காத்தான் புதரில் இன்றைக்கும் அந்தக் கூடுகள் தொங்குகின்றன. கட்டைவிரல் நீளம் இருக்கும். முள்ளையும் குச்சியையும் நறுக்கி, நெடுக அடுக்கி, உள்ளே பட்டிழை நெய்த சின்ன விறகுக்கட்டு. ஒருவகை அந்துப்பூச்சியின் புழு அதைக் கட்டி, சுமந்துகொண்டே திரியும். வளர்ந்ததும் ஆண் மட்டும் இறக்கை முளைத்துப் பறந்துவிடும். பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. கூட்டுக்குள்ளேயே முட்டையிட்டுச் செத்துப்போகும். குஞ்சுப் புழுக்கள் நூல் விட்டு இறங்கி, காற்றடிக்கும் பக்கம் அடுத்த புதருக்குப் போய்ச் சேரும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் எதிர்வீட்டு டீச்சரக்கா. இந்தப் பூச்சிக்காகத்தான் எங்கள் தெரு அவளை அடித்தது.

அப்போது திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் விலங்கியல் எடுத்துக்கொண்டிருந்தாள். அத்திப்பட்டு ஸ்டேஷன் பக்கம் லாரிக்குப் பாதை போட அந்தப் புதரில் ஒரு பகுதியை அழிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், புல்டோசர் வருவதற்கு முன்னால் ஓடிப்போய், பெண்பூச்சி இருந்த கூடுகளைக் கிளையோடு வெட்டிப் பை நிறையக் கொண்டுவந்தாள். எங்கள் தெருக்கோடியில், ரயில்வே வேலியோரம் நின்ற வேலிக்காத்தானில் அவற்றைக் கட்டினாள். கட்டுவதற்குக் கையில் கிடைத்தது சிவப்பு நூல். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம்; அன்றைக்கு அமாவாசை என்பது அவள் புத்தியிலேயே இல்லை. அமாவாசையன்று சிவப்பு நூலில் முள்ளைக் கட்டித் தொங்கவிட்டால் எங்கள் ஜனத்துக்கு வேறு என்ன தோன்றும்? போதாக்குறைக்குக் கோடிவீட்டுக்காரியின் மகன் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தான்.

மறுநாள் சாயங்காலம் கோடிவீட்டுக்காரி அவளைத் தலைமயிரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தாள். "எம் புள்ளைக்கு இன்னாடி செய்வினை வெச்சே? சொல்றியா, கொளுத்தட்டுமா?"

"யக்கா, அது பூச்சி கூடுக்கா! மாதா சத்தியமா பூச்சிக்கா!"

துடைப்பக்கட்டை விழுந்தது. வலை இழுத்துக் காய்த்த ஒரு கை அறைந்ததில் உதடு கிழிந்தது. நான் குறுக்கே பாய்ந்தேன். என்னைச் சுவரோடு மோதித் தள்ளினார்கள். "பூச்சின்னா காட்டுடி" என்று கூட்டம் கத்தியது.

காட்டினாள் பாவி. அதுதான் பிசகாகிப்போனது. புதரிலிருந்து ஒரு கூட்டைப் பறித்துவந்து பிளேடால் கீறி, உதட்டைத் துடைத்த ரத்தக் கையில் ஏந்தி நீட்டினாள். இறக்கையும் இல்லாமல் காலும் இல்லாமல், வெளுத்துக் கொழுத்து நெளிந்துகொண்டிருந்தது பெண்பூச்சி. பூச்சி என்றால் இறக்கை இருக்கும் என்று பார்த்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். கோடிவீட்டுக்காரி அலறினாள்: "ஐயையோ, எம் புள்ள உசுரை சுருட்டி உள்ள வெச்சிகீறாளே!"

தண்டவாளத்து ஜல்லிக்கல் பறந்துவந்தது. ஒன்று அவளுடைய இடது கண்ணில் பட்டது. அவள் விழுந்து கிடக்கும்போதே மண்ணெண்ணெய் ஊற்றிப் புதரைக் கொளுத்தினார்கள். பறந்து தப்பக்கூடியது எதுவும் அந்தக் கூடுகளில் இல்லை. படபடவென்று வெடித்து எரிந்தன. நாலு பேர் கைதட்டினார்கள், நாசமாய்ப் போனவர்கள்.

அடுத்த நாள் பெரியாஸ்பத்திரியில் அவளுடைய பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. அந்தக் கண்ணுக்கு இனிமேல் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் கேட்டாள்: "அந்தப் புள்ளைக்கு எப்படிடீ கீது?"

"காலைல காய்ச்சல் வுட்டுடுச்சிக்கா. எழுந்து குந்திகினு கஞ்சி குடிச்சான்." சந்தோஷப்படுவாள் என்றுதான் சொன்னேன்.

"நல்லா இருக்கட்டும்" என்றாள். "ஆனா போச்சுடீ. கொளுத்தினதும் புள்ள பொழச்சிகினான். இனிமே அது பூச்சிதான்னு நான் யாராண்ட போயி சொல்லுவேன்?"