சோறு என்று பெயரிட்ட சுரம்

என் தோழி உருவாக்கிய அந்த ஓசைக்குத் தொடக்கம் உண்டு, நடுவும் உண்டு, முடிவு எது என்று மட்டும் எவராலும் விரல் வைத்துக் காட்ட இயலாது. கட்டுமாவடியில் அவள் வீட்டு மாடியறையில், சன்னலுக்கு அப்பால் கடல் உள்வாங்கிப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்த ஒரு பிற்பகலில், அதை நான் முதன்முதலாகக் கேட்டேன். மடிக்கணினியோடு இணைத்திருந்த சிறிய கீபோர்டில் அவள் ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள். முதலில் எதுவும் இல்லை. பிறகு, விடியலில் சுவரின் நிறம் தெரியவருவதைப் போல, ஓர் ஒலி வந்து சேர்ந்தது. அது மெல்லப் பருத்து அறையெங்கும் நிறைந்தது. அவள் விரலை எடுத்தாள். ஒலி நிற்கவில்லை. வந்த வழியே திரும்பாமல் வேறொரு வழியாக, பல அடுக்குகளாகப் பிரிந்து, விலகி விலகிச் சென்றுகொண்டே இருந்தது.

“போயிருச்சா?” என்று கேட்டேன்.

“இன்னும் போய்க்கிட்டிருக்கு. பேசாம இரு” என்றாள்.

பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆவூரில் கோயில் திருவிழா மேடையின் ஒலிவாங்கியை என் உயரத்துக்கு இறக்கிவைத்த வயதிலிருந்தே நான் பேசி வருகிறேன். எங்கள் மகளிர் கல்லூரியின் பட்டிமன்ற அழைப்பிதழில் என் பெயர் இல்லையென்றால், எதிரணியினரே வந்து காரணம் கேட்பார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும்; பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கல்லூரி ஆண்டு விழாவில் தனியாக வாசிக்க அவளுக்கு ஓர் இடம் கிடைத்ததும் என் நாவினால்தான். “கீபோர்டா? பாட்டில்லாம வெறும் கீபோர்டா?” என்று தயங்கிய விழாக்குழுவின் முன் நின்று, ஒரே மூச்சில் வாதாடி அந்த இடத்தை வாங்கினேன். விழாவைத் தொகுத்து வழங்கும் பொறுப்பும் என்னுடையதே.

ஆனால் அந்த ஓசைக்கு ஒரு நெருக்கடி இருந்தது. அது பிறந்த மடிக்கணினி அவளுடையது அன்று, அவள் மாமாவுடையது. அவர் குவைத்தில் விழாக்களுக்கு ஒலியமைப்புச் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவர், விடுமுறையில் வந்திருந்தார். அவருடைய கணினியில் இருந்த சிந்தசைசர் ஒரு மென்பொருள். கம்பியும் இல்லாமல் காற்றும் இல்லாமல் கணக்கிலிருந்தே ஒலியை எழுப்புவது. அவர் உறங்கிய பிற்பகல்களில் எல்லாம் அதன் குமிழ்களைத் திரையில் திருகித் திருகி, என் தோழி இந்த ஓசையைச் செய்திருந்தாள். அந்த வாரக் கடைசியில் மாமா புறப்படுகிறார். மடிக்கணினி அவரோடு போகும். மென்பொருள் அதில் மட்டுமே திறக்கும். ஆண்டு விழாவுக்கு அவள் புனைந்திருந்த இசையோ முழுவதும் இந்த ஒரே ஓசையின் மேல் நின்றது. இது இல்லையென்றால் மேடைக்குக் கொண்டுவர அவளிடம் வேறெதுவும் இல்லை.

அவளிடம் சொந்தமாக இருந்தது ஒரு பழைய சாம்ப்ளர் கீபோர்டு. அதற்குத் தனக்கென்று குரல் கிடையாது; பதிவு செய்து கொடுத்த ஒலியை வாங்கி வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தும்போது திருப்பிக் கொடுக்கும். ஒரு சுரத்தைக் கொடுத்தால் அக்கம்பக்கத்துக் கட்டைகளுக்கும் அதையே சற்றே இழுத்தோ சுருக்கியோ பகிர்ந்துவிடும். ஆகவே மென்பொருளில் ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிந்து, பென் டிரைவில் ஏற்றி, சாம்ப்ளருக்குள் குடியேற்றுவது என்று முடிவு செய்தோம். நான் ஆவூரிலிருந்து புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று பேருந்து மாறி மாறி, துணிப்பையுடன் அவள் வீட்டில் தங்க வந்து சேர்ந்தது அதற்காகத்தான்.

முதல் சுரத்தைப் பதியத் தொடங்கியபோதே கீழிருந்து அவள் உம்மாவின் குரல் வந்தது.

“ஏ புள்ளைகளா! ஆணம் ஆறிப்போகுது. எறங்கி வாரீங்களா, நான் ஏறி வரட்டுமா?”

உம்மா ஏறி வந்தால் என்ன ஆகும் என்பதை அறிந்தவளாக, என் தோழி விரலை எடுத்துவிட்டு எழுந்தாள். பதிவை நிறுத்த இருவருக்கும் தோன்றவில்லை. கீழே நண்டு ஆணம்; அவர்கள் வீட்டில் குழம்புக்கு அதுதான் பெயர். உம்மா என் தட்டில் இன்னொரு நண்டை வைத்து, “பேசுற வாய்க்குத் தெம்பு வேணும்ல” என்றார். மாமா சிரித்தார். சாப்பிட்டு முடித்து மேலே வந்தபோது, திரையில் பதிவு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தோழி அதை நிறுத்தி, பெயர் கேட்ட கட்டத்தில் ‘சோறு’ என்று தட்டிச் சேமித்துவிட்டு, “இது வெள்ளோட்டம். இனிமே ஒழுங்கா எடுப்போம்” என்றாள்.

ஒழுங்கு எது என்பதில்தான் வாதம் பிறந்தது. சாம்ப்ளரின் நினைவகம் சிறியது. ஒவ்வொரு சுரத்தையும் அதன் வால் முழுதும் ஓடவிட்டுப் பதிந்தால், எல்லாவற்றுக்கும் இடம் போதாது. சுரங்களைக் குறைக்க வேண்டும், அல்லது வாலைக் குறைக்க வேண்டும்.

“வால வெட்டிரலாம்” என்றேன்.

“அது வாலுன்னு யாரு சொன்னா? அதாண்டி ஓசையே.”

“கைய எடுத்த பெறகு வர்றது மிச்சம். ஒருத்தர் பேசி முடிச்ச பெறகும் மைக்கப் புடிச்சுக்கிட்டே நின்னா நீ என்ன சொல்லுவ?”

“மொக்கைன்னு சொல்லுவேன்.”

“அப்ப?”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தவர் பாதி தோற்றவர் என்பது மேடைக் கணக்கு. பேச்சுப் பயிற்சியில் என் எலும்போடு ஊறிய விதி ஒன்றை எடுத்து வைத்தேன்: கருத்து உச்சத்தில் நிற்கும்போதே நிறுத்து, அங்கேதான் கைதட்டல் விழும், மணியடித்த பிறகு பேசியது எதுவும் மதிப்பெண் பெறாது. ஓசை நன்றாக நிறைந்து அறையைத் தொடும் இடமே உச்சம்; அங்கே வெட்டினால் எல்லாச் சுரங்களுக்கும் இடம் கிடைக்கும், ஒவ்வொன்றும் மிடுக்காக நிற்கும்.

“ஒன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா? வெட்டு” என்றாள்.

பிறகு வந்த பிற்பகல்கள் எனக்குக் கனவில் கண்டவை போலவே நினைவில் இருக்கின்றன. அவள் அழுத்துவாள்; ஓசை வளரும்; திரையில் அதன் உருவம் ஒரு குன்றைப் போல எழும்; குன்றின் உச்சியில் நான் ஒரு கோடு வைத்து வெட்டுவேன். காற்றில் உப்பும் ஐஸ்பெட்டி வாடையும் இருந்தன. தொழுகை அழைப்பு கேட்கும்போது நிறுத்துவோம், பிறகு தொடர்வோம். சாம்ப்ளரில் ஏற்றும் வேலையைக் கல்லூரிக்குத் திரும்பிய பின் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். ஒருமுறை மாமா எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, ரெண்டு பேரும் கெழங்கா மீனு அரியுற மாதிரி உக்காந்து வால வால வெட்டுறீங்க?”

“எடம் பத்தல மாமா.”

“வெட்டுன வால எங்க போட்டீங்க?”

“அழிச்சாச்சு” என்றேன் நான், நிமிர்ந்து.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கீழே யாரோ அவரைத் தேடி வந்துவிட்டார்கள். சனிக்கிழமை அவர் திருச்சியில் விமானம் ஏறினார்.

கல்லூரியின் காலி அரங்கத்தில், விழாவுக்கு முன்னோட்டம் பார்த்த அன்று, அவள் சாம்ப்ளரை விரித்துவைத்துச் சுரங்களை ஏற்றி முதல் கட்டையை அழுத்தினாள். ஓசை வளர்ந்தது, நிறைந்தது. நான் பெருமையோடு அவளைப் பார்த்தேன். அப்போது அது அறுந்தது. கதவை அறைந்து சாத்தியது போல, ஒலி இருந்த இடத்தில் சட்டென்று சுவர் எழுந்தது. அடுத்த கட்டை, அதற்கும் அதே சுவர். கட்டையை விடாமல் அழுத்திப் பிடித்தாள். அப்போதும் உச்சியில் அறுந்தது. மெல்லத் தேயச் செய்யும் வசதி சாம்ப்ளரில் உண்டு. ஆனால் தேய்வதற்கு மிச்சமாக ஏதாவது வேண்டுமல்லவா? இருந்த துண்டையே திரும்பத் திரும்பச் சுழலவிட்டுப் பார்த்தோம். மின்விசிறி இரைவது போலிருந்தது.

மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தோம். பின்னால் வண்டிகளின் இரைச்சல்.

“சைட்ல நிக்கிறேன்மா. லேப்டாப் ரூம்ல இருக்கு. வெள்ளிக்கிழமதான் லீவு. அன்னைக்கு எல்லாத்தையும் எடுத்து அனுப்புறேன்.”

விழா புதன்கிழமை.

தோழி திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். பதில் சொல்வதில் நான் தேர்ந்தவள். அவள் பென் டிரைவில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுக்கொண்டே போனாள். எல்லாம் குன்றுகள்; எல்லாம் உச்சியில் அறுந்தவை. வரிசையின் கடைசியில் ‘சோறு’ இருந்தது.

அதைத் திறந்தாள். ஓசை வந்தது, வளர்ந்தது, நிறைந்தது. உம்மா கூப்பிட்டபோது அவள் விரலெடுத்த இடத்தைத் தாண்டியும் அது போனது. அடுக்கடுக்காகப் பிரிந்து, விலகி, நீர் உள்வாங்கிய பின் சேற்றில் மிஞ்சும் பளபளப்பைப் போல மெலிந்து போய்க்கொண்டே இருந்தது. அதன் பிறகு வெறும் அமைதி, வெகுநேரம். பதிவு கணினிக்குள்ளேயே நடந்தது. வெளியொலி ஓர் அணுவும் அதில் இல்லை. இருந்தும் அந்த அமைதியில் நான் எங்கள் மதியச் சாப்பாட்டைக் கேட்டேன்: நண்டின் ஓடு உடைவதை, தட்டில் கரண்டி படுவதை, மாமாவின் சிரிப்பை.

“இது ஒன்னு போதும்” என்றாள்.

“ஒரு சுரத்த வச்சுக்கிட்டு கீபோர்டு பூராவுமா? மேல போகப் போகச் சுருங்கிக் கொசு மாதிரி கத்தும். கீழ போனா இழுத்துக்கிட்டு மாடு கத்துற மாதிரி ஆயிரும். யோசிச்சுப் பாரு, முதலாவதா…”

“முதலாவதும் வேணாம், ரெண்டாவதும் வேணாம். கேளு.”

முழு வாலுக்கும் இடம் வேண்டும் என்பதால் மற்றச் சுரங்கள் அனைத்தையும் சாம்ப்ளரிலிருந்து அழித்தாள். ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அழுத்தியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மிஞ்சிய அந்த ஒன்றை எல்லாக் கட்டைகளுக்கும் விரித்தாள். பிறகு வாசித்தாள்.

மேல் கட்டைகளில் ஓசை விரைந்து வந்து விரைந்து விலகியது, கரையோரத்துச் சிற்றலை போல. கீழே இறங்க இறங்க அது தயங்கித் தயங்கி எழுந்தது. விலகும்போதோ எங்கோ தொலைவில் ஒரு பெருங்கடல் பின்வாங்குவது போல நீண்டது. மென்பொருளில் எல்லாச் சுரங்களுக்கும் வால் ஒரே அளவு. இங்கே ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தூரம் வைத்திருந்தது. இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று போன பின்னும் மற்றது போய்க்கொண்டிருந்தது. கொசுவும் கத்தவில்லை, மாடும் கத்தவில்லை.

“என்ன, தீர்ப்பு?” என்றாள்.

“ஒத்தி வைக்கிறேன்” என்றேன்.

புதன்கிழமை அரங்கம் நிரம்பியிருந்தது. உம்மா கட்டுமாவடியிலிருந்து வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார், மடியில் பிரம்புக்கூடையோடு. நான் ஒலிவாங்கியுடன் மேடையோரத் திரைக்குப் பின்னால் நின்றேன். அவள் வாசித்து முடித்தவுடன் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். மூன்று அடுக்கு கொண்டது, மூன்றாவது அடுக்கில் கைதட்டல் எழும்படி கட்டியது.

அவள் வாசித்தது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. விளக்குகள் அணைந்த அரங்கில், கூரை எங்கோ உயரே போய்விட்டது போலிருந்தது. பாவாடையைச் சரிசெய்துகொண்டிருந்த நடனக் குழுவினர் கை நிறுத்தினர். இறுதியில் அவள் மிகக் கீழான கட்டையை அழுத்தினாள். அது எழ வேண்டிய நேரமெல்லாம் எடுத்துக்கொண்டு எழுந்தது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

யாரும் தட்டவில்லை. பின்வரிசையில் ஒரு குரல், “முடிஞ்சிருச்சாடி?” என்றது.

“இல்லடி, இன்னும் போகுது.”

நான் ஓரடி முன்வைத்தேன். அவள் தலையைத் திருப்பாமலே மடியிலிருந்த உள்ளங்கையைச் சற்றே உயர்த்திக் காட்டினாள். நின்றேன். ஓசை எங்கள் எல்லாரையும் கடந்து, அரங்கத்தின் பின்கதவைக் கடந்து, போய்க்கொண்டிருந்தது. அது எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாததால், கைதட்டல் ஒரே இடத்தில் தொடங்கவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக, மழையின் முதல் துளிகள் போல விழுந்து, பின்னர்தான் பெருகியது. அது அடங்கியபோது நான் மேடைக்குச் சென்று அடுத்த நடனத்தின் பெயரை மட்டும் அறிவித்தேன்.

திரைக்குப் பின்னால் உம்மா கூடையோடு வந்து சேர்ந்தார்.

“நல்லாருந்துச்சு தாயி. ஆனா இத நான் நம்ம வீட்டுலயே கேட்ட மாதிரி இருக்கே?”

“நீ சோத்துக்குக் கூப்புட்டப்ப வாசிச்சது உம்மா.”

“பாத்தியா? நான் ரெண்டு தடவ கூப்புட்டா ஒங்களுக்குக் கோவம் வருது” என்றார் உம்மா. கூடையைத் திறந்து, என் தோழியைக் கவனிக்காமல், முதல் பொட்டலத்தை என் கையில் வைத்தார். “இந்தா, நீ தின்னு. இன்னைக்கு ஒனக்குப் பேச்சே இல்லையே.”