எல்சி மாற்றிய சொல்

என் மனைவி எல்சி திருகோணமலையில் ஒரு கப்பல் கொம்பனியில் இருபத்தாறு வருடம் தட்டெழுத்தாளராக இருந்தாள். அதே இடத்தில் நான் ஸ்ரோர்ஸ் என்ற களஞ்சியத்துக்குப் பொறுப்பாளன். மனைவி புராணம் பாடுகிறேன் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

1963இல் ஒருநாள், தேயிலை ஏற்ற வந்த கப்பலுக்கு எங்கள் நாற்பது பேரைக் கொண்டுபோக லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகின் ஓட்டி பேணாட் மறுத்துவிட்டார். "ஏலாது சேர்" என்றார், அவ்வளவுதான். ஏனென்று மனேச்சர் கேட்கவில்லை. வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் பேணாட்டும் சொல்லவில்லை. ஒருநாள் வேலை கெட்டதே என்று நானும் அவரைத் திட்டினேன்.

மனேச்சர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேலையிலிருந்து நீக்கும்படி கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். 'கட்டளைக்கு அடங்காதவர்' என்று அதில் ஒரு சொல். பேணாட்டுக்கு ஐந்து பிள்ளைகள்.

எல்சி அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, மறுத்தது 'அன்கரக்டரிஸ்டிக்' என்று அடித்துக் கையெழுத்துக்கு வைத்தாள்.

"ஆர் இதை மாத்தச் சொன்னது?" என்றார் மனேச்சர்.

"ஒருத்தரும் இல்லை சேர். இது, ஒருத்தர் தன்ர வழமைக்கு மாறா ஒண்டு செய்தால் போடுற சொல்லு. எந்த நாளும் பிந்தி வாறவர் இண்டைக்கும் பிந்தினால் இதைப் போட ஏலாது. பேணாட் அண்ணை பதினேழு வருசமா ஓம் எண்டு மட்டும்தான் சொன்னவர். அவருக்கு இதுதான் சரி."

எப்படியும் பேணாட்டின் வேலை போகத்தானே போகிறது என்று மனேச்சர் எரிச்சலோடு கையெழுத்தைக் கிறுக்கினார்.

"உனக்கேன் இந்த வேண்டாத வேலை?" என்று வீட்டில் நான் பாய்ந்தேன்.

"சரியான சொல்லைப் போடத்தானே என்னை வைச்சிருக்கினம்" என்றாள்.

பத்து நாளில் கொழும்பிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. வழமைக்கு மாறாக மறுத்தார் என்றால், காரணம் என்ன?

மனேச்சர் ஆளனுப்பி பேணாட்டைப் படகுத்துறை ஜெட்டிக்குக் கூப்பிட்டுக் கேட்கவேண்டியதாயிற்று. வேறு ஓட்டி கிடைக்காததால் லோஞ்ச் அதுவரை கட்டியே கிடந்தது. பேணாட் அதைக் கரைக்கு இழுக்கச் சொன்னார். அடிப்பலகை ஒன்றில் கத்தியை வைத்து அழுத்தினார். உளுத்துப்போன பலகைக்குள் அது பிடிவரை இறங்கியது.

"கேட்டிருந்தால் அண்டைக்கே காட்டியிருப்பன் சேர்."

மறுநாளே அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சொல்லை மாற்றிய எல்சிக்கோ தலைமை எழுதுநர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. அதில் எனக்கு இன்னும் கோபம்தான். நாங்கள் நாற்பது பேர் அன்று ஜெட்டியில் நின்றோம். ஏன் மறுக்கிறீர்கள் என்று ஒருவர்கூட அந்த மனிதரிடம் கேட்கவில்லை. கேட்க வைத்தவள் என் மனைவி.