கண்ட சாட்சி

காஜா அக்காவுக்கு ஆறு வயதிலிருந்தே இரண்டு வாய். ஒன்று தனக்கு, இன்னொன்று தங்கைக்கு.

தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூடம் போய் யாரிடமும் கைமொழி படித்தவளில்லை. வீட்டுக்குள் தானாக முளைத்த சைகைகள்தான். முகவாயைத் தொட்டால் அம்மா, தோளைத் தட்டினால் அப்பா. அந்த இருவரும் போய்ச்சேர்ந்த பிறகு, அந்த மொழி தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

தங்கை சொன்னதை அக்கா அப்படியே வெளியே சொன்ன சரித்திரம் கிடையாது. அழுகின தக்காளியைத் தலையில் கட்டிய கடைக்காரரின் பரம்பரையையே தங்கை பத்து விரலாலும் சந்தி சிரிக்க வைப்பாள். அக்கா சாந்தமாக, "வேற நல்லதா குடுங்கன்னு சொல்றா" என்பாள்.

"இவ்வளவு நேரம் கையை ஆட்டினது அதுக்குத்தானா?"

"அவ எதையும் கொஞ்சம் விளக்கமா சொல்லுவா."

இருவரும் ஒரே சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். அக்கா பட்டன் துளை போடும் காஜா மெஷினில். பதினெட்டு வருஷத்தில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. தங்கை செக்கிங்கில். கூடத்தின் கோடியில், குழல் விளக்குக்குக் கீழே உயரமான மேஜை. அங்கே நின்று பிசிறு நூலை வெட்டுகிறவளுக்கு நிமிர்ந்தால் கூடம் முழுவதும் தெரியும்.

சூப்பர்வைசரை எல்லோரும் 'விசில்' என்றார்கள். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். மெஷின் இரைச்சலில் குரல் எடுபடாது என்று முதலாளி வாங்கிக் கொடுத்தது. அவன் ஒரு தடவை ஊதினால் எண்பது தலை குனியும். தங்கையின் தலை மட்டும் குனியாது. அவளுக்குத்தான் கேட்காதே.

ஒரு திங்கட்கிழமை பாய்லர் குழாய் வெடித்துக் கூடமெல்லாம் நீராவி மூடியது. பின்கதவில் சங்கிலி. துணி திருட்டுப் போகிறது என்று விசில் போட்ட பூட்டு. முன்வாசலில் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மறுநாள், தைத்த சட்டைகளுக்குப் பெட்டி போடும் அயர்ன்காரர் தன் வீட்டிலிருந்து ரம்ப பிளேடு கொண்டுவந்து அந்தச் சங்கிலியை அறுத்துப் போட்டார். நாற்பது தாண்டிய மனிதர், அதிகம் வாய் திறக்காதவர். "கதவுன்னா திறக்கணும் சார்" என்று மட்டும் சொன்னாராம்.

புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு விசில் அயர்ன் மேஜைக்குப் போனான். அயர்ன்காரர் கையிலிருந்த ஆறு கிலோ நீராவி அயர்ன் பெட்டியைப் பிடுங்கினான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதோடு சேர்த்து. சதை பொசுங்கும் நாற்றம் காஜா மெஷின் வரைக்கும் வந்தது. மூன்றாவது அடியில் அயர்ன்காரர் முழங்காலில் சரிந்தார். நாலைந்து பேர் மெஷினை நிறுத்தினார்கள். அப்போது அவன் இடது கையால் விசிலை வாயில் வைத்து ஊதினான்.

தலைகள் குனிந்தன. அக்காவின் தலையும் குனிந்தது. முன்னால் கிடந்த சட்டையில் அவள் துளை போட ஆரம்பித்தாள். பட்டன் பட்டி முடிந்த பிறகும் கை நிற்கவில்லை. முதுகுத் துணியில் மட்டும் பதினோரு துளை. அந்த இரைச்சலுக்கு நடுவே ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது.

தன் மேஜையை விட்டு ஓடியவள் தங்கை ஒருத்திதான். அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினான். முன்பல் ஒன்று தெறித்தது. தங்கை தரையில் விழுந்த பிறகுதான் அக்காவுக்குக் கால் எழும்பியது.

அயர்ன்காரர் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டார். ஈரத்தரையில் வழுக்கி, பெட்டி மேலேயே விழுந்துவிட்டதாக நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. காவல் நிலையத்தில் வரிசையாகக் கேட்டார்கள். எண்பது பேரில் ஒருவர் கூடப் பார்க்கவில்லை. தங்கை மட்டும் வீங்கின வாயோடு இன்ஸ்பெக்டர் அம்மா முன்னால் நின்று எல்லாவற்றையும் கையால் நடத்திக் காட்டினாள். அக்கா அதை வார்த்தையாக்கினாள். எழுதி முடித்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து, "நீங்க என்ன பார்த்தீங்க?" என்றார்.

"நான் குனிஞ்சு தச்சுக்கிட்டு இருந்தேன் மேடம். எதையும் பார்க்கல."

அவள் உதட்டைத் தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதம் கழித்து நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. தங்கை காகிதத்தை வாங்கி, தன் பெயருக்கு முன்னால் இருந்த சொல்லில் விரலை வைத்து என்ன என்று கேட்டாள். 'சாட்சி.'

அக்கா தடுமாறிப்போனாள். வாழ்நாள் முழுக்க வாயில் புழங்கின சொல். சண்டை வந்தால் 'மனசாட்சி இருக்கா உனக்கு' என்பார்கள், சத்தியம் பண்ணும்போது 'கடவுள் சாட்சியா' என்பார்கள், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். கையால் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கண்ணைக் காட்டினாள், வாயைக் காட்டினாள். தங்கை யோசித்துவிட்டு, கண்ணிலிருந்து எதையோ இரண்டு விரலால் கிள்ளி எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். இதுவா? அக்கா தலையாட்டினாள். கை குறுகுறுத்தது, சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அரசு வக்கீல் வயசாளி, பொறுமையானவர். "உங்க தங்கச்சி கண்ட சாட்சிம்மா. கேஸே அவங்கள நம்பித்தான் நிக்குது."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கண்டவ இல்லீங்க சார் அவ. ஒழுக்கமான பொண்ணு."

வக்கீல் சிரித்துவிட்டார். "ஐயோ, கண்ணால கண்ட சாட்சிம்மா. அடுத்தவங்க சொல்லிக் கேட்டது கேட்ட சாட்சி. அது இங்க எடுபடாது. கூண்டுல ஏறி மாத்திப் பேசினா பிறழ் சாட்சி. அப்படி ஆகாம பார்த்துக்கோங்க."

விசாரணைக்கு நாலு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு பேர் வீட்டுக்குள் வந்தார்கள். அக்கா அடுப்படியில் இருந்தாள். தங்கை முதுகைக் காட்டிக்கொண்டு பாய் மடித்துக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. ஒருவன் அவளைப் பின்னாலிருந்து கழுத்தோடு அணைத்துப் பிடித்தான். மற்றவன் அவள் வலது கையை இழுத்துக் கதவு நிலையில் வைத்துக் கதவை அறைந்தான். திறந்தான், மறுபடி அறைந்தான். தங்கையின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அக்கா அதுவரை கேட்டதில்லை.

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குண்டானை அவள் துணிகூடப் பிடிக்காமல் தூக்கி வீசினாள். கதவை அறைந்தவன் முகமும் மார்பும் வெந்து அலறிக்கொண்டு தெருவில் உருண்டான். மற்றவன் அக்காவை வயிற்றில் உதைத்துச் சுவரோடு சாய்த்து, மூச்சு விடாமல் சொன்னான்: "அவ எதை வேணா காட்டட்டும். வாய் உன்னுதுதானே. ஒரு வார்த்தை மாத்திச் சொல்லு, போதும். எவனுக்குத் தெரியப்போகுது?"

தங்கைக்கு மூன்று விரல் உடைந்திருந்தது. அக்காவின் இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையால், 'விட்டுடலாமா?' என்று அக்கா கேட்டாள். தங்கை இடது கையால் சொன்ன பதிலை எங்கேயும் எழுத முடியாது.

சொந்த அக்கா மொழிபெயர்க்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். வேறு யாருக்கும் இந்தச் சைகை புரியாது என்பதால் நீதிபதி அக்காவையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டார். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. 'அவ பார்த்தாளாம்'னு சொல்லக்கூடாது. அவங்க 'நான்'னா நீங்களும் 'நான்'னுதான் சொல்லணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது."

தங்கை இடது கையாலும் முகத்தாலும் சொல்ல ஆரம்பித்தாள். அக்கா தொடர்ந்தாள். "நான் பார்த்தேன். அவர் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினான். தோளில் அடித்தான். காதில் அடித்தான்." மூன்றாவது அடி வரைக்கும் அவளுக்கே தெரிந்த கதை. நான்காவதிலிருந்து அவளும் அப்போதுதான் கேட்டாள். பெட்டியின் முனையால் வாயில். விழுந்த பிறகு முதுகில். பிறகு பின்மண்டையில் இரண்டு. மொத்தம் ஏழு. ஆறாவது அடிக்கு முன்னால் அயர்ன்காரர் மெஷின் வரிசைகளைப் பார்த்துக் கையை நீட்டினார். யாரும் எழுந்திருக்கவில்லை.

அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். கூண்டில் நின்ற விசில் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்ததாகத் தங்கை அக்காவைக் காட்டினாள். கண்ணைத் தொட்டாள். பிறகு தன் தலையை மெதுவாகக் குனிந்து காட்டினாள்.

அக்கா நின்றுவிட்டாள். அதைச் சொல்லாமல் விட்டால் அந்த நீதிமன்றத்தில் யாருக்கும் தெரியாது. தக்காளிக்காரருக்குத் தெரியாமல் விட்டதெல்லாம் எத்தனை. வழக்குக்கும் அது தேவையில்லை. மின்விசிறி சுற்றியது, தட்டச்சு செய்கிறவர் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

"என் அக்காவும் பார்த்தாள்," என்றாள் அக்கா. "பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்."

"யார் உங்க அக்கா?"

"நான்தாங்க ஐயா."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மொழிபெயர்ப்பாளரே சாட்சி என்றால் இதுவரை சொன்னது எதுவும் செல்லாது என்றார். நீதிபதியும் வேறு வழியில்லாமல் நிறுத்தினார். காது கேளாதோர் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் வரவழைக்கப்பட்டார். அந்த வீட்டுமொழியைப் படிக்க அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் வாரம் அவரே மாணவர். தப்பாகச் செய்தால் தங்கை அவர் முழங்கையில் அடிப்பாளாம். முதலிலிருந்து எல்லாவற்றையும் அவள் மறுபடி சொன்னாள். அதே ஏழு அடிகள், அதே வரிசை.

அன்று மதியம் அக்கா தனக்காகக் கூண்டேறினாள்.

"போலீஸ்கிட்ட பார்க்கலன்னு சொன்னீங்களா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"ஆமாங்க."

"அது பொய்யா?"

"பொய்தாங்க."

"அப்ப இன்னைக்குச் சொல்றத எப்படி நம்புறது?"

"அந்தப் பொய்யால எனக்கு வேலை மிஞ்சிச்சுங்க. இன்னைக்குச் சொல்றதால என்ன மிஞ்சும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் வேறு கேள்விக்குப் போய்விட்டார். அடுத்த வாய்தாவில் ஓவர்லாக் மெஷின் பெண்கள் இரண்டு பேர் தாங்களாக வந்து தாங்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். மீதி எழுபத்தேழு பேர் கடைசி வரை பார்க்கவில்லை. விசிலுக்குப் பத்து வருஷம் கிடைத்தது. பின்கதவில் போட்ட பூட்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை. முதலாளி சாதாரண அபராதத்தோடு தப்பினார். தங்கையின் மோதிர விரல் திரும்ப மடங்கவேயில்லை.

நீதிமன்றத்தில் தங்கை தன்னைக் காட்டிய அன்றிலிருந்து பதினோரு நாள் அக்கா அவளிடம் முகம் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் உப்பு எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது.

இருவரும் இப்போது வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். போன மாதம் ஒருநாள் சாயங்காலம் அயர்ன்காரரின் மனைவி தேடிக்கொண்டு வந்தாள். நன்றி சொல்லவில்லை. டீயைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "கடைசியா அவர் வாய் ஏதாவது அசைஞ்சுதா? இவங்களுக்கு உதடு படிக்கத் தெரியும்னு சொன்னாங்க," என்று கேட்டாள். "என் பேரையோ, பிள்ளைங்க பேரையோ..."

அக்கா தங்கையிடம் கேட்டாள். தங்கை முதலில் இல்லை என்று தலையசைத்தாள், பிறகு அயர்ன்காரரின் உதடு அசைந்த மாதிரியே தன் உதட்டை அசைத்து ஒரே சொல்லை இரண்டு தடவை காட்டினாள்.

"பேர் எதுவும் சொல்லலம்மா," என்றாள் அக்கா. "போதும் போதும்னுதான் சொன்னாரு."

அந்தப் பெண் தலையாட்டினாள். டீ ஆறும் வரைக்கும் உட்கார்ந்திருந்து, குடித்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டாள். தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு நடந்தாள்.