வாளியில் எழுந்த நெடி

அன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. அக்கா காலையிலேயே குளியலறையைக் கழுவத் தொடங்கியிருந்தாள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பல வருடம் களைக்கொல்லி அடித்தவள். தோட்டம் கைமாறி அங்கிருந்த தொழிலாளர் வீடுகளை இடித்த பிறகு, குனோங் ராபாட்டில் என் வீட்டில் என்னோடு இருக்கிறாள். ஓடுகளில் படிந்த வெள்ளைக் கறைக்கு ஆசிட் மட்டும் போதாதென்று, அதே வாளியில் துணி வெளுக்கும் குளோரினையும் ஊற்றியிருக்கிறாள். நெடி சாமி மேடைப் பக்கம் போகக் கூடாதென்று கதவையும் சாத்திக்கொண்டாள்.

முன்பக்கக் கம்பிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு இருமல் கேட்டது. விடாத இருமல். ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். சுவரைப் பிடித்தபடி குந்தியிருந்தாள். என் கண்ணும் தொண்டையும் எரிந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு அவளை வாசலுக்கு இழுத்து வந்தேன். வாளியைக் கொட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்தவளைத் தடுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். குழாய்த் தண்ணீரை அவள் கண்ணில் விட்டுக் கழுவினேன். வீட்டின் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்ன அக்கா, கொசுவுக்குப் புகை அடிக்கிறவன் உங்க வீட்டுக்குள்ளயே வந்துட்டானா?”

“போடா, நீ வேற” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “தம்பி, ஒரு மக் பால் கலக்கிக் கொண்டா. குடிச்சா அடங்கிரும்.”

தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பால் குடிப்பது வழக்கம். பால் விஷத்தை முறித்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

“பால் அப்புறம் குடிக்கலாம் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா.”

“இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? முறுக்கு மாவு பெசஞ்சு கெடக்கு. இத விட மோசமான நெடியெல்லாம் பாத்தாச்சுலா.”

மறுபடி மறுபடி கூப்பிட்டேன். வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் டின் பாலைச் சுடுதண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். காற்றாட உட்கார்ந்ததில் இருமல் குறைந்தது. அவளுக்கு அது பாலின் வேலை. “பாத்தியா?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பிற்பகலில் முறுக்குப் பிழிய உட்கார்ந்தாள். அச்சை அழுத்தியவள் பாதியில் நிறுத்தினாள். “தம்பி, எனக்கு” என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. உதடு கறுத்திருந்தது. நான் அடுப்பை அணைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் காரை எடுத்துவிட்டார். “மச்சான், சீக்கிரம்” என்று எனக்குப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

அவசரப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்டது, எதையெதைக் கலந்தார்கள் என்பதைத்தான். சொன்னேன். இந்த வாயு நுரையீரலைப் புண்ணாக்கும், முதலில் தணிந்ததுபோல் இருந்தாலும் சில மணி நேரம் கழித்து உள்ளே நீர் கோத்துக்கொள்ளும் என்றார். வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்ததும் கண்ணைக் கழுவியதும் சரி. இருமல் நின்றாலும் நேராக இங்கே வந்திருக்க வேண்டும் என்றார். பாலைப் பற்றிக் கேட்டேன். அது வயிற்றுக்குத்தான் போகும் என்றார்.

தீபாவளியன்று அக்கா ஆக்சிஜன் முகமூடி வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் விளக்கேற்றிவிட்டு நான் வார்டுக்குப் போய் உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் பலகாரம் கொடுத்தார்கள். அவள் வேண்டாம் என்று கையாட்டினாள்.

பிழைத்து வந்துவிட்டாள். ஆனால் நுரையீரல் பழையபடி ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். தோட்டத்தில் ஒரு மர நிரையிலிருந்து அடுத்த நிரைக்குக் குரல் கொடுத்தவள். இப்போது நான் வாசலில் இருந்தால், சமையலறையிலிருந்து கரண்டியால் குவளையைத் தட்டுகிறாள். நான் உள்ளே போகிறேன். மூச்சு வரும்வரை கையைத் தூக்கிக் காத்திருக்கச் சொல்கிறாள். பிறகுதான் எதற்குக் கூப்பிட்டாள் என்று சொல்கிறாள்.